பார்சல் மேல் போட்ட பழி

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



வெளிச் சாப்பாட்டைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் டீச்சர் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். லிஃப்டில் சால்னா சிந்துகிறது, குப்பைத் தொட்டியில் இலையும் கவரும் ஒன்றாகக் கிடக்கிறது, டெலிவரி தம்பிகளை மேலே விடலாமா கூடாதா என்று பஞ்சாயத்து நடக்கிறது. இதையெல்லாம் பேசச் சொன்னார். பேசுகிறேன். அதற்கு முன்னால் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. நம் வாட்ஸ்அப் குழுவில் அதை எழுதிவிட்டேன். ஆனால் நான் முதலில் எழுதிய குற்றச்சாட்டைப் படித்த எத்தனை பேர் பின்னால் எழுதிய மன்னிப்பைப் படித்தீர்கள் என்று தெரியவில்லை. அதனால் நேரில் சொல்லிவிடுகிறேன்.

பேத்தி கேட்ட ஹோட்டல்

போன ஜூன் மாதம் என் மகளும் பேத்தியும் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார்கள். பேத்திக்குப் பதினொரு வயது. அவர்கள் இருப்பது டெக்சாஸில், ஹூஸ்டன் நகரத்தில். மெக்சிகோ எல்லை மாநிலம் அது. நமக்குத் தெருமுனையில் பரோட்டாக் கடை மாதிரி, அவர்களுக்கு மெக்சிகன் கடை. வந்து நான்காம் நாள் கேட்டாள்: "அம்மாச்சி, இங்க பக்கத்துல மெக்சிகன் ரெஸ்டாரன்ட் இருக்கா?"

சூலக்கரையில் மெக்சிகன் ரெஸ்டாரன்ட்! நான் சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. விருதுநகர் என்றாலே வத்தல், எண்ணெய், பருப்பு. இந்த ஊர்க் கமிஷன் கடைப் பக்கம் நடந்தாலே தும்மல் வரும். அந்த மிளகாய் நம் ஊர்ச் செடி இல்லை. மெக்சிகோ பக்கம் மனிதர்கள் முதலில் பயிராக்கிய செடி. போர்ச்சுகீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் கப்பலில் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் நம் முன்னோர்களுக்குக் காரம் என்றால் மிளகுதான். மிளகு போலக் காரமாக இருக்கிற காய் என்பதால்தான் மிளகாய் என்று பெயரே வைத்தார்கள். சால்னாவில் கரையும் தக்காளியும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குக்கூடப் பூர்விகம் அங்கேதான்.

பேத்திக்கு அங்கே பிடித்த சாப்பாடு 'பிர்ரியா டாகோ' என்றாள் மகள். மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்துப் பண்டம். ஆட்டுக்கறியை வத்தல் அரைத்த மசாலாவில் மணிக்கணக்காக வேகவைக்கிறார்கள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து, ஊறவைத்து, அரைத்து, ரொட்டியாகத் தட்டுகிறார்கள். அந்த ரொட்டியைக் கறிக்குழம்பில் மிதக்கும் எண்ணெயில் முக்கிக் கல்லில் போட்டு முறுகவிட்டு, கறி வைத்து மடித்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் குழம்பு தருகிறார்கள், தொட்டுக்கொள்ள. சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. "கண்ணு, அந்த ஹோட்டல் நம்ம ஊர்ல நாலு தலைமுறையா இருக்குடி, வா" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

கடையிலும் வீட்டிலும்

நம் குடியிருப்பிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற கடை. உங்கள் எல்லாருக்கும் தெரியும். பெயர் சொல்லவில்லை.

விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து இங்கே குடியேறியவர்கள் நம் சங்கத்தில் நிறைய. அவர்களுக்காக ஒரு வார்த்தை. மற்ற ஊர்களில் பரோட்டாவைக் கல்லில் சுட்டு, நாலைந்தாக அடுக்கி இரண்டு கையாலும் தட்டி உதிர்ப்பார்கள். இங்கே கல் விளிம்பு உயர்ந்திருக்கும், நடுவில் எண்ணெய் நிற்கும். தட்டையாகத் தட்டிய பரோட்டா அதில் மிதந்து பொரியும். மேலே அப்பளம் மாதிரி முறுகல், உள்ளே மெத்து. இலையில் போட்டுப் பிய்த்து, மேலே சால்னாவை ஊற்றினால் அரை நிமிடம் மொறுமொறுப்பும் ஊறலும் ஒன்றாக இருக்கும். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வண்டியை நிறுத்திச் சாப்பிடுகிறார்கள்.

பேத்தி மூன்று சாப்பிட்டாள். மாஸ்டருக்கு உதவியாக இருந்த தம்பி அவள் பக்கத்தில் வந்து, "பாப்பாவுக்குக் காரம் பத்தலையா?" என்று கேட்டுக் கேட்டு ஊற்றினான். அவனுக்கு இருபது வயது இருக்கும். அவனைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

பார்சல் என்பது வேறு சாப்பாடு. கடையில் கல்லுக்கும் இலைக்கும் நடுவே ஒரு நிமிடம். பார்சலில் ஆவி வெளியே போக வழியில்லாமல் பரோட்டா தன் ஆவியிலேயே வேர்த்து, தோல் மாதிரி ஆகிவிடும். அதற்குக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. "பிய்க்காமல் தாங்க, சால்னா தனியாகத் தாங்க" என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் இரண்டு புறமும் ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். முக்கால்வாசி மொறுமொறுப்புத் திரும்பி வரும்.

அந்தச் சனிக்கிழமை

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்கள் வாரக்கூலி வாங்கி வரும் நாள். கடையில் நிற்க இடமில்லை. நான் இரவு 7.15க்குப் பன்னிரண்டு பரோட்டாவும் மட்டன் சால்னாவும் பார்சல் வாங்கி வந்தேன். அன்று மாப்பிள்ளை மதுரைக்கு விமானத்தில் வருவதாக இருந்தது. எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று பார்சலை மேசைமேல் வைத்தேன். விமானம் தாமதம். அவர் வீட்டுக்குள் நுழையும்போது மணி 11.

சால்னாவைச் சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். பிள்ளை தூக்கக் கலக்கத்தில் பசிக்குது என்று அழுதாள். வெதுவெதுப்பானதும் இறக்கிவிட்டேன். சாப்பிட்டோம், படுத்தோம்.

மறுநாள் காலை 9 மணிக்குப் பேத்திக்கு வயிற்றைப் பிடித்து இழுக்கிற வலி, வயிற்றுப்போக்கு. அரை மணி நேரத்தில் மகளுக்கு. அப்புறம் எனக்கு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். காத்திருக்கும்போதே கைபேசியை எடுத்து நம் குழுவில் கடையின் பெயரைப் போட்டு எழுதினேன்: "இந்தக் கடையில் யாரும் வாங்காதீர்கள். கெட்டுப்போன கறி. என் பேத்தி ஆஸ்பத்திரியில்."

எழுதியதில் கடைசி வரி உண்மைதான். ஆனால் படித்தவர்கள் பிள்ளையை அட்மிட் செய்து குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பீர்கள். நடந்தது என்னவென்றால், டாக்டர் பார்த்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எழுதிக் கொடுத்து அரை மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் அவள் கீழே சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். என் செய்தி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரத்தில் நாற்பது பதில். "நானும் நினைத்தேன்", "அங்கே எண்ணெயே சரியில்லை", "பழைய கறிதான் போடுவான்". யாரோ வேறு குடியிருப்புக் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன்

பத்து நாள் கழித்து சி பிளாக் தங்கச்சி ஒருவர் லிஃப்டில் என்னைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "டீச்சர், நாங்களும் அன்னைக்கு அதே நேரத்துலதான் அங்க வாங்கினோம். உடனே சாப்பிட்டோம். எங்களுக்கு ஒண்ணும் ஆகல. குரூப்ல சொன்னா உங்களுக்கு எதிரா பேசின மாதிரி இருக்கும்னு விட்டுட்டோம்."

முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆதாரம் இல்லாமல் முடிவு எழுதினால் மதிப்பெண் குறைத்தவள். அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

அதே சால்னாவைச் சூட்டோடு சாப்பிட்டவர்களுக்கு ஒன்றுமில்லை. எங்கள் வீட்டிலும் மாப்பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அவர் சனிக்கிழமை கவிச்சி தொட மாட்டார். பரோட்டாவைச் சீனி தொட்டுச் சாப்பிட்டார். ஆக, குற்றவாளி பரோட்டா இல்லை, சால்னா. அதுவும் நாலு மணி நேரம் என் மேசைமேல் இருந்த சால்னா.

கறிக்குழம்பில் 'குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ்' என்று ஒரு கிருமி உண்டு. மண்ணிலும் ஆடுமாடு, கோழிக் குடலிலும் சாதாரணமாக இருப்பது. நாம் கொதிக்கவைக்கும்போது அது செத்தாலும் அதன் வித்துகள் சாகாது. குழம்பு ஆறத் தொடங்கி 60 டிகிரிக்குக் கீழே வந்ததும் அந்த வித்துகள் முளைக்கும். ஏறக்குறைய 45 டிகிரியில் அதற்குக் கொண்டாட்டம். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும். கெட்டியான குழம்பு, இறுகக் கட்டிய கவர், விருதுநகர் வெயில் காலத்து வீட்டுச் சூடு. ஒரு கிருமிக்கு இதைவிட நல்ல தொட்டில் வேண்டுமா? சாப்பிட்ட ஆறு மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் வயிற்று வலி, வயிற்றுப்போக்கு வரும். பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும். எங்களுக்கு வந்ததும் அப்படித்தான், போனதும் அப்படித்தான். பெருகிய கிருமியைக் கொல்ல, குழம்பு முழுதும் தளதளவென்று கொதித்திருக்க வேண்டும். நான் வெதுவெதுப்போடு இறக்கினேன். அது கொல்லவில்லை, சீராட்டியது.

ஆய்வகச் சோதனை எதுவும் செய்யவில்லை; அதனால் நூற்றுக்கு நூறு இதுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கையிலிருக்கும் எல்லா விவரமும் கடையின் பக்கம் கையைக் காட்டவில்லை. என் மேசையைக் காட்டுகிறது.

கடையில் நடந்தது

மறுநாள் மாலை கடைக்குப் போனேன். ஏழு மணிக்கு இரண்டே பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லாவில் இருந்த அண்ணாச்சி எழுந்து நின்று, "வாங்க டீச்சர்" என்றார். என் செய்தி அவர் கைபேசிக்கும் வந்திருக்கிறது. யார் எழுதியது என்றும் அவருக்குத் தெரியும். நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது, மன்னிச்சிடுங்க என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் தண்ணீர் கொடுத்தார். "நீங்க வந்து சொன்னது பெரிசு டீச்சர். முதல் வாரம் தினமும் கறி மிஞ்சிச்சு. அரை ஆடு எடுத்தவன் கால் ஆடு எடுத்தேன். மாஸ்டர் பழைய ஆளு, அவரை விட முடியாது. உதவிக்கு நின்ன தம்பியைத்தான் நிறுத்த வேண்டியதாப் போச்சு. அவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போயிட்டான்" என்றார்.

பாப்பாவுக்குக் காரம் பத்தலையா என்று கேட்ட தம்பி. என் செய்தியை நான் அழிக்கலாம், மன்னிப்பும் எழுதலாம். அந்தத் தம்பியை அந்தக் கல்லுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த என்னால் முடியவில்லை. அண்ணாச்சி போன் போட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். அட்வான்ஸ் வாங்கிவிட்டேன், இப்போது வர முடியாது என்று சொல்லிவிட்டானாம்.

கிளம்பும்போது அண்ணாச்சி சொன்னார்: "பார்சல் கட்டும்போது உடனே சாப்பிடுங்கன்னு நாங்களும் சொல்லணும் டீச்சர், சொல்றதில்ல." அடுத்த நாள் கல்லாவுக்கு மேலே ஒரு அட்டை தொங்கியது: "பார்சலை 2 மணி நேரத்திற்குள் சாப்பிடவும்."

அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை

கடைக்காரர்கள் எல்லாரும் சொக்கத் தங்கம் என்று சொல்ல நான் வரவில்லை. 2022 மே மாதம் கேரளாவின் காசர்கோட்டிலும், 2023 செப்டம்பரில் நம் நாமக்கல்லிலும் ஷவர்மா சாப்பிட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் உயிரையே விட்டார்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடை போட்டது சும்மா இல்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்கத்தான் வேண்டும். கேட்கிற முறை ஒன்று இருக்கிறது.

கடையில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் கெடுதலான பொருள்கள் சேரும். அந்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து விதி. நம்மால் அளக்க முடியாது. ஆனால் எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் கண்ணுக்கே தெரியும். அச்சடித்த செய்தித்தாளில் நேரடியாக உணவைக் கட்டக் கூடாது. மை சாப்பாட்டில் இறங்கும். இலை வைத்து அதற்கு வெளியே தாள் சுற்றினாலும், எண்ணெய் ஊறி வருகிற பரோட்டாவுக்கு அது போதாது.

உண்மையிலேயே சந்தேகம் வந்தால், மிச்ச உணவைக் கொட்டாமல் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். பில்லை எடுத்து வையுங்கள். வாங்கிய நேரம், சாப்பிட்ட நேரம் இரண்டையும் எழுதுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையிடம் புகார் கொடுங்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி உணவைச் சோதனைக்குக் கொடுக்கவும் வழி இருக்கிறது. நான் இதில் ஒன்றுகூடச் செய்யவில்லை. மிச்ச சால்னாவைக் கொட்டிவிட்டு வாட்ஸ்அப்பைத் திறந்தேன்.

நாம் செய்ய வேண்டியவை

இனிச் செயலாளர் சொன்ன விஷயங்களுக்கு வருகிறேன். கமிட்டியோடு பேசிச் சிலவற்றை முன்வைக்கிறேன்.

1. பார்சலை 2 மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். முடியாவிட்டால் குழம்பை அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். திரும்பச் சாப்பிடும்போது கிளறிக் கிளறித் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். ஒரு தடவைதான், மறுபடி மறுபடி சூடு செய்ய வேண்டாம்.

2. சால்னாவுக்குத் தூக்குவாளி கொண்டு போங்கள். கேரி பேக்கும் பிளாஸ்டிக் தாளும் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆனாலும் கொதிக்கிற சால்னா இன்னும் கவரில்தான் வருகிறது. தூக்கில் வாங்கினால் லிஃப்டிலும் சிந்தாது. அண்ணாச்சியிடம் பேசிவிட்டேன்; தூக்கு கொண்டுவந்தால் ஒரு கரண்டி கூடவே ஊற்றுகிறேன் என்றார்.

3. மிச்ச சால்னாவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். எண்ணெய் குழாயில் உறைந்து அடைக்கிறது. போன காலாண்டில் ஏ பிளாக் தரைத்தளத்தில் தண்ணீர் எதிர்த்து ஏறியதற்கு அதுதான் காரணம் என்றார் பிளம்பர். எண்ணெயை இலையாலோ பழைய தாளாலோ துடைத்துவிட்டுப் பாத்திரம் கழுவுங்கள்.

4. இலையும் எச்சிலும் மக்கும் குப்பையில். சில்வர் தாளும் டப்பாவும் கழுவி மக்காத குப்பையில். சேர்த்துக் கட்டினால் பிரிக்கிற அம்மாவின் கைதான் அதில் நுழைய வேண்டும். அதை நினைத்துப் பாருங்கள்.

5. டெலிவரி தம்பிகள் விஷயம். வாட்ச்மேனிடம் பெயர் எழுதிவிட்டு மேலே வரட்டும், அல்லது நாம் கீழே இறங்கி வாங்குவோம். வீட்டுக்கு வீடு வேறு வேறு சட்டம் வேண்டாம். கேட் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பானை வைக்கச் சொல்லியிருக்கிறேன், செலவு என்னுடையது.

6. கடைசியாக, குழுவில் ஒரு கடையைப் பற்றியோ ஒரு ஆளைப் பற்றியோ குற்றம் எழுதுவதற்கு முன் ஒரு நாள் பொறுப்போம். முதலில் சம்பந்தப்பட்டவரிடம் பேசுவோம். அதே நாளில் அதே கடையில் வாங்கிய வேறு யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போயிருக்கிறதா என்று கேட்போம். மாற்றுத் தகவல் தெரிந்தவர்கள் தயங்காமல் சொல்லுங்கள். சி பிளாக் தங்கச்சி முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கலாம். ஆனால் ஒரு தம்பிக்கு வேலை மிஞ்சியிருக்கும்.

இந்த ஆறாவதைத் தீர்மானமாகவே நிறைவேற்றித் தரும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் பேத்தி வீடியோ காலில் வந்தாள். "அம்மாச்சி, அந்த அண்ணன் எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். வேறு ஊருக்குப் போய்விட்டான் என்றேன். ஏன் என்று கேட்டாள். நான் சொன்னேன். பதினொரு வயதுப் பிள்ளையிடம் மறைக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நீங்க அந்தக் கடைக்கு நிறையப் பேரைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

கூட்டம் முடிந்து நான் நேராக அங்கேதான் போகிறேன். வருகிறவர்கள் வரலாம். பார்சல் இல்லை, உட்கார்ந்து சாப்பிடுவோம்.